பம்ப் நிறுத்திய இருபத்தைந்து நிமிடம்

ஒற்றப்பாலம்
9 டிசம்பர் 2024
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

ஹரீந்திரநாத் சாருக்கு,

என் பெயர் ஷிஜி. ஒற்றப்பாலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நவம்பர் 28ஆம் தேதி உங்களுக்கு போன் செய்தவள் நான்தான். அன்று "ஆமா, அது என்கிட்ட இருந்த மெஷின்தான்" என்றீர்கள். மறுநாள் கூப்பிட்டபோது "எந்த லேப்டாப்?" என்றீர்கள். அதனால் இனி போன் வேண்டாம். எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். எழுதியதை மறுநாள் இல்லையென்று சொல்ல முடியாது.

முழு விவரம் இது. சிறக்கல்பாறையில் நீங்கள் வாடகைக்கு இருந்த வாரியர் வாத்தியாரின் வீட்டை அவர் பிள்ளைகள் விற்கிறார்கள். பரணைக் காலி செய்து எல்லாவற்றையும் பழைய சாமான் எடுக்கும் மொய்து இக்காவிடம் போட்டார்கள். இக்கா லேப்டாப் மாதிரி எது கிடைத்தாலும் என் கடைக்குக் கொண்டுவருவார். "இதுல தேங்காய் உடைக்கலாம் மோளே, வேற ஒண்ணுக்கும் ஆகாது" என்று மேசையில் வைத்தார். கறுப்பாக, செங்கல் கனத்தில். திருப்பிப் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியின் ஸ்டிக்கர், கீழே "பாதுகாப்புப் பிரிவு", ஒரு எண். அது இருந்த பையில் உங்கள் பெயர்ச் சீட்டு.

என் அம்மா கோமளவல்லி அந்தக் கம்பெனியில் நாலு வருஷம் வேலை செய்தவர். கல்நார் வந்த காலிச் சாக்குகளை உதறி மடிக்கும் ஷெட்டில், ஒப்பந்தக் கூலியாக. இப்போது நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் புற்று. டாக்டர் பார்த்ததுமே "எங்க வேலை செஞ்சீங்க?" என்றுதான் கேட்டார். கம்பெனியிடம் கேட்டால், இப்பெயரில் யாரும் எங்களிடம் வேலை செய்ததில்லை என்று ஒற்றை வரியில் பதில். பாலக்காட்டில் இழப்பீட்டு ஆணையர் முன்னால் பிப்ரவரி 21 அன்று விசாரணை. அம்மா அங்கே வேலை செய்தார் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அம்மா சொல்கிறார்: "ஒரு சின்ன சார் வந்து எங்க இடுப்புல ஒரு மெஷினக் கட்டி விட்டாரு. நாள் முழுக்க அதோடயே வேலை பார்த்தோம்." அந்தச் சின்ன சார் நீங்கள்தானே? காற்றிலுள்ள தூசியை அளக்கும் பம்பாம் அது. அந்த அளவுகள் இந்த லேப்டாப்பில் இருக்கின்றனவா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

ஷிஜி


கோழிக்கோடு
18 டிசம்பர் 2024

செல்வி ஷிஜி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தாயாரின் உடல்நிலை குறித்து வருந்துகிறேன்.

நான் அந்த நிறுவனத்தில் பதினான்கு மாதங்கள் மட்டுமே பயிற்சிப் பொறியாளராக இருந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. என் அறிக்கைகளை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அதன்பின் அவை என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. அந்தக் கணினி நிறுவனத்தின் சொத்து. அதைத் திறப்பதும் அதிலுள்ளதைப் படிப்பதும் சட்டப்படி சரியா என்று தாங்கள் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது. என் ஆலோசனை, அதை அழித்துவிடுங்கள்.

என் அலுவலக முகவரிக்கு இனி எழுத வேண்டாம். அங்கே தபாலைப் பிரிப்பவர் வேறொருவர். வீட்டு முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

கே. ஹரீந்திரநாத்


ஒற்றப்பாலம்
22 டிசம்பர் 2024

ஹரீந்திரநாத் சாருக்கு,

நான் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதில் இல்லை. ஆனால் வீட்டு முகவரி தந்திருக்கிறீர்கள். எழுதவே வேண்டாம் என்று நினைப்பவர் முகவரி தரமாட்டார்.

உங்கள் இணையதளத்தைப் பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட்டோடு படம். "ஒவ்வொரு தொழிலாளியும் பத்திரமாக வீடு திரும்ப" என்று கீழே வாசகம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "திரும்பத்தான் திரும்பினோம், கூடவே அதையும் கூட்டிட்டு வந்துட்டோம்" என்றார். சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். ஆக்ஸிஜன் மெஷினின் குழாயை நான் பிடித்துக்கொண்டேன்.

வக்கீல் பிரசன்னா சேச்சியிடம் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். குப்பையில் போட்ட பொருளை நான் திருடவில்லை என்றார். முதல் வேலையாக அவர் கண் முன்னால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதில் ஒரு எழுத்தும் மாறாதபடி முழு நகல் எடுக்கச் சொன்னார். சுற்றவே மாட்டேன் என்றது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் கிடந்ததில் படிக்கும் முனை உள்ளே சுற்றும் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையில் தட்டையாக வைத்து மணிக்கட்டைச் சட்டென்று ஒரு திருப்புத் திருப்ப வேண்டும். நாலு முறை செய்தும் அசையவில்லை. ஐந்தாவதில் உடைந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன்.

நகல் மட்டும் போதாது என்றும் சேச்சி சொல்கிறார். டிஸ்கை மட்டும் கொண்டுபோனால் இது யார் வீட்டு டிஸ்க் என்று கம்பெனி வக்கீல் கேட்பாராம். ஸ்டிக்கரோடு இந்த மெஷினே ஆணையர் மேசையில் எழுந்து பேச வேண்டும். உள்ளே போர்டில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கிறது. எங்கிருந்து கசிந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. அந்த ஷெட்டில் நீங்களும் நின்றீர்கள் சார். மார்பில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இது மிரட்டல் இல்லை. அம்மா கேட்கச் சொன்னார்.

ஷிஜி


கோழிக்கோடு
4 ஜனவரி 2025

ஷிஜி அவர்களுக்கு,

அந்த மாடல் லேப்டாப்பில் விசைப்பலகைக்குக் கீழே, இடது ஓரத்தில், கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு சிறிய பேட்டரி உண்டு. சுருங்கிய பிளாஸ்டிக்கில் சுற்றியிருக்கும். கசிவது அதுதான். அதை எடுக்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். மூடியின் வலது கீலில் நான் இருந்தபோதே விரிசல் இருந்தது. இரண்டு கையாலும் திறங்கள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நல்ல மெஷின் வீணாகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், வீண் நம்பிக்கை வேண்டாம். அதில் உங்கள் தாயாரின் பெயர் இருக்காது. என்னிடம் பதினாறு தொழிற்சாலைகள் ஆலோசனை கேட்கின்றன. அவற்றில் இரண்டு அந்த நிறுவனத்தின் குழுமத்தைச் சேர்ந்தவை. எனக்கும் குடும்பம் இருக்கிறது. புரிந்துகொள்வீர்கள்.

ஹரீந்திரநாத்


ஒற்றப்பாலம்
15 ஜனவரி 2025

சார்,

எழுந்துவிட்டது.

பேட்டரி நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. கசிந்து போர்டில் மூன்று செப்புக் கோடுகளைத் தின்றிருந்தது. வினிகர் தொட்டுத் துடைத்து, முடிபோல மெல்லிய கம்பியால் மூன்றையும் இணைத்தேன். சார்ஜரை வேறு மெஷினிலிருந்து எடுத்து முனையை மாற்றினேன். ஹார்ட் டிஸ்கை உள்ளங்கையில் வைத்து இன்னொரு முறை மணிக்கட்டைத் திருப்பினேன். வயதானவர் மாடி ஏறுவது போல ஒரு முனகல், பிறகு சுற்றத் தொடங்கியது. நிற்பதற்குள் நகல் எடுத்து முடிக்க வேண்டுமே என்று பிரசன்னா சேச்சியும் நானும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். எடுத்துவிட்டோம். மூல டிஸ்கை உறையில் போட்டு சேச்சி முத்திரை வைத்துவிட்டார். இப்போது மெஷினுக்குள் ஓடுவது நகல்.

திரையில் இன்றைய தேதி 1980 ஜனவரி 1 என்று வருகிறது. அப்போது நானும் பிறக்கவில்லை, கம்பெனியும் பிறக்கவில்லை, யாருக்கும் இருமலும் இல்லை. நல்ல தேதிதான். மாற்ற மனசில்லாமல்தான் மாற்றினேன்.

உங்கள் கோப்பு கிடைத்தது. 1999 மார்ச் 17. கலவைப் பிரிவில் ஐந்து ஆண்கள், ஐவருக்கும் பெயர், தகப்பன் பெயர், டோக்கன் எண். கீழே சாக்கு ஷெட். அங்கே பெண்கள் ஒன்பது பேர். எஸ்-1, எஸ்-2, எஸ்-3 என்று எஸ்-9 வரைக்கும். பெயர் இல்லை. காற்றில் எத்தனை கல்நார் இழை என்று புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை எழுதியிருக்கிறீர்கள். அளவு, அனுமதித்த அளவைப் போல பதினோரு மடங்கு. அதையும் எழுதியிருக்கிறீர்கள். சுவாசித்தது யார் என்று மட்டும் எழுதவில்லை. உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தில் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன், குறிப்பு எழுதும் கட்டம். எஸ்-3க்கு நேராக இப்படி இருக்கிறது: "11.40 முதல் 12.05 வரை பம்ப் நிறுத்தப்பட்டது. தொழிலாளி குழந்தைக்குப் பால் கொடுத்தார்."

நான் பிறந்தது 1998 செப்டம்பர். அம்மா என்னை ஷெட்டுக்கு வெளியே சாக்குத் தொட்டிலில் போட்டுவிட்டு வேலை செய்தார். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்போ நாந்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லடீ, சுலைகாவுக்கும் அப்போ கைக்குழந்தை" என்றார். சுலைகாத்தா இப்போது உயிரோடு இல்லை.

எஸ்-3 யார் சார்? உலகத்தில் இதற்குப் பதில் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மெஷினை எழுப்ப என்னால் முடிந்தது. அதற்கு மேல் என் கையில் இல்லை.

ஷிஜி


கோழிக்கோடு
27 ஜனவரி 2025

ஷிஜி,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களுக்குப் பெயர் போட வேண்டாம் என்று மேலதிகாரி சொன்னார். பெயர் எழுதினால் அவர்கள் நம்முடைய தொழிலாளர்கள் ஆகிவிடுவார்கள் என்றார். எண் போடுவதே பெரிய துணிச்சல் என்று அன்று நான் நினைத்தேன். ஷெட்டை அளக்கவே வேண்டாம் என்றவர்களிடம் வாதாடி அளந்தேன். அந்தப் பெருமையில் சில வருஷம் இருந்தேன். நண்பர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

எஸ்-3 உங்கள் அம்மாதான். சுலைகா அன்று பம்ப் கட்டிக்கொள்ளவில்லை. வயிற்றில் ஏதோ பூட்டுகிறார்கள் என்று பயந்து ஓடிவிட்டார். குழந்தை அழுததும் உங்கள் அம்மா என்னைக் கூப்பிட்டார். பெல்ட்டைக் கழற்றும்போது கேட்டார்: "சாரே, இந்த மெஷினால பால் ஏதும் கெட்டுப் போகுமா?"

நான் சொன்னேன்: "மெஷின் ஒண்ணும் செய்யாது."

அது உண்மை. மெஷின் ஒன்றும் செய்யாது. தூசி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் கேட்டது மெஷினைப் பற்றி, நான் மெஷினைப் பற்றிப் பதில் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால்கூட எப்போதாவது வெட்கப்பட்டு ஒத்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

நான் விசாரணைக்கு வர முடியாது. இந்தக் கடிதத்தையும் தயவுசெய்து அங்கே கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

ஹரீந்திரநாத்


ஒற்றப்பாலம்
1 பிப்ரவரி 2025

சார்,

எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? எனக்கு முதலிலேயே தெரியும். கம்பெனிக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரியாதது ஆணையர் மேசையில் இருக்கும் ஃபைலுக்குத்தான்.

உங்கள் கடிதத்தைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன், மறைக்கவில்லை. கேட்காமலே கொடுத்திருப்பேன். பிரசன்னா சேச்சிதான் தடுத்தார். "கடிதத்தக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது ஷிஜி. நீயே கம்ப்யூட்டர்ல அடிச்சேன்னு சொல்வாங்க. ஆள் வந்து நிக்கணும்."

உங்கள் பதினாறு தொழிற்சாலைகளில் எத்தனை எஸ் இருக்கிறார்கள் சார்? இப்போதாவது பெயர் எழுதுகிறீர்களா?

அம்மா முன்பு ஆக்ஸிஜன் இல்லாமல் பத்து நிமிடம் இருந்தார், இப்போது நாலு. பாலக்காடு போக ஒன்றரை மணி நேரம். சிலிண்டர் வைத்த வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். "நான் வராம எப்படி? இப்படி ஒருத்தியே இல்லைன்னுதானே சொல்றாங்க, போய் உக்கார்ந்து காட்டறேன்" என்கிறார். 21ஆம் தேதி, காலை பதினொன்று. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். இனி கெஞ்ச மாட்டேன்.

ஷிஜி


கோழிக்கோடு
13 பிப்ரவரி 2025

ஷிஜி,

உங்கள் அம்மா கேட்கச் சொன்னதற்குப் பதில். எக்ஸ்ரே எடுத்தேன். சுத்தமாக இருக்கிறது. டாக்டர் கை கொடுத்தார். நான் ஷெட்டுக்குள் போனபோதெல்லாம் முகமூடி போட்டிருந்தேன், மொத்தமாகச் சேர்த்தால் இரண்டு மணி நேரம்கூட நின்றிருக்க மாட்டேன். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்ததும் அப்படி ஒரு நிம்மதி. விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினேன். பாதி வழியில்தான் நான் விசில் அடிப்பது என் காதில் விழுந்தது.

முகமூடி எங்கள் அலமாரியில் பெட்டி பெட்டியாக இருந்தது. ஒன்பது எடுத்துப் போயிருக்கலாம்.

21ஆம் தேதி வருகிறேன். வீட்டில் சண்டை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பழைய நியமனக் கடிதத்தையும் கொண்டுவருகிறேன்.

ஹரீந்திரநாத்


ஒற்றப்பாலம்
24 பிப்ரவரி 2025

சார்,

அன்று உங்களிடம் பேசாமல் வந்துவிட்டேன். வண்டியில் சிலிண்டர் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது ஒரு காரணம். பேச மனசு வரவில்லை என்பது இன்னொன்று.

மெஷின் எழுவதற்கு எடுத்துக்கொண்ட மூன்று நிமிடம் எனக்கு மூன்று வருஷம். கறுப்புத் திரையைப் பார்த்துக் கம்பெனி வக்கீல் "உங்க சாட்சி தூங்குதே" என்றார். எழுந்ததும் அவர் முகம் பார்த்தீர்களா? ஆனாலும் விடவில்லையே மனுஷன். "இருபத்தாறு வருஷம் ஆச்சு. ஆயிரம் பேர் வேலை செஞ்ச இடம். ஒரு கூலிக்காரப் பொம்பளய எப்படி சார் ஞாபகம் இருக்கும்?" என்று கேட்டாரே, நீங்கள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "பெல்ட்டக் கழட்டினது நான். இவங்க புடவையத் தட்டிட்டுக் குழந்தைய வாங்கினாங்க. தட்டின தூசி குழந்தை மேலதான் விழுந்தது. நான் கைக்கடிகாரத்தப் பார்த்து நேரம் எழுதினேன்."

ஆணையர் அம்மாவைப் பார்த்து முழுப்பெயர் கேட்டார். அம்மா சொன்னார். எஸ்-3 என்பது கோமளவல்லி என்று பதிவாகிவிட்டது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகுமாம். போகட்டும். இனி "இப்பெயரில் யாரும் இல்லை" என்று எழுத முடியாது.

வரும் வழியில் அம்மா உங்களைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "சாருக்கு முடி போயிடுச்சு, வாய் வந்துடுச்சு."

நன்றி சொல்ல மாட்டேன். நீங்கள் செய்தது இருபத்தாறு வருஷம் முன்னால் ஒரு கட்டத்தில் எழுதியிருக்க வேண்டிய ஒரு பெயர். எனக்கு வேண்டியது மீதி. ஷெட்டில் இன்னும் எட்டு எண்கள் இருக்கின்றன. ஊரில் இருமிக்கொண்டு டிபி என்று மாத்திரை தின்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எஸ்-1 முதல் எஸ்-9 வரை பெயர் எழுதி அனுப்புங்கள். அம்மாவுக்கு நாலைந்து பேரைத்தான் நினைவிருக்கிறது. அவர்களுக்கு எந்த எண் என்று அவருக்குத் தெரியாது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஷிஜி


கோழிக்கோடு
6 மார்ச் 2025

ஷிஜி,

ஒரு வாரமாக உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன். கிடைத்தது இவ்வளவுதான்.

எஸ்-1 மாளு. மற்றவர்கள் "மாளுவேச்சி" என்று கூப்பிட்டதால் தெரியும். எஸ்-4 ரோசா. சிறக்கல்பாறை சர்ச்சுக்குப் பின்னால் வீடு. தகப்பன் பெயர் தெரியாது.

மற்றவர்களின் பெயரை நான் கேட்கவே இல்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் எளிது, ஆனால் மறக்கவில்லை. கேட்கவில்லை. அதனால் நினைவில் இருப்பதை மட்டும் தருகிறேன், அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள், ஆள் பிடிபடலாம். எஸ்-2க்கு இடது கையில் தீக்காயத் தழும்பு. எஸ்-5 உயரம், பம்ப் குழாய் கழுத்து வரை எட்டவில்லை என்று வேறு குழாய் மாட்டினேன். எஸ்-6க்கு இடுப்பு அவ்வளவு மெலிவு, பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் போகும் வயதாக இருந்திருக்கலாம். வயதையும் நான் கேட்கவில்லை. எஸ்-7ம் எஸ்-8ம் அக்கா தங்கை, அல்லது அம்மா மகள். ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டார்கள்.

எஸ்-9 வரிசையில் கடைசி. மணி எட்டரை ஆகிவிட்டிருந்தது, எல்லாப் பம்பும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்க வேண்டும் என்ற அவசரம். குனிந்து பெல்ட்டை மாட்டினேன், பொத்தானை அழுத்தினேன், நேரம் எழுதினேன். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை.

ஹரீந்திரநாத்